மீட்டரில் 12 வோல்ட், பிளக்கில் பொறி இல்லை: பழைய காரின் இக்னிஷன் ஒயரிங்கில் பழுதைத் தேடுவது எப்படி?

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூரின் செராங்கூன் சாலையில் போய்க்கொண்டிருந்த என் 1972ஆம் ஆண்டு மினி கார், கிளம்பிய இருபதாவது நிமிடத்தில் இருமியது, இரண்டு முறை குலுங்கியது, அப்படியே நின்றுவிட்டது. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினேன். எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பியது. அடுத்த வாரமும் அதே இருபது நிமிடம், அதே இருமல். ஒரு பட்டறையில் காயிலை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் பாயின்ட், கண்டென்சர், நான்கு பிளக்குகள், அவற்றின் ஒயர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பில் தொகை ஏறியது. பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் பெரியப்பாவிடம் போனேன். வாகன மின்வேலையில் நாற்பது ஆண்டுகள் கழித்து ஓய்வுபெற்றவர். காரை இன்றும் ‘காடி’ என்றுதான் சொல்வார். “பெரியப்பா, காயிலுக்கு 12 வோல்ட் சரியாக வருகிறது. நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன்” என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “நீ பார்த்தபோது பாயின்ட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு என்ன முக்கியத்துவம் என்பதும் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு, பழைய காரின் இக்னிஷன் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு நானே கண்டுபிடிக்க முடிகிறது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். மின்சாரப் பாடம் பள்ளியோடு மறந்துபோனவர்களுக்காகவே எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும். வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

பொறி எப்படிப் பிறக்கிறது

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைக் கொளுத்த ஒரு தீப்பொறி வேண்டும். பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் இடைவெளி. அழுத்தப்பட்ட கலவைக்குள் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்க மின்சாரத்துக்குப் பல ஆயிரம் வோல்ட் தேவை. பேட்டரியில் இருப்பதோ வெறும் 12. இந்த 12ஐ ஆயிரக்கணக்கில் உயர்த்த 1910ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய முறைதான், அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் பெட்ரோல் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஓட்டியது.

அதன் இதயம் காயில். ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று தடித்த கம்பி, சில நூறு சுற்றுகள். மற்றொன்று தலைமுடி போன்ற மெல்லிய கம்பி, பல்லாயிரம் சுற்றுகள். தடித்த சுருளில் மின்சாரம் ஓடும்போது இரும்பைச் சுற்றி ஒரு காந்தப்புலம் எழுகிறது. அந்த மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் காந்தப்புலம் ஒரே நொடிப்பில் சரிகிறது. சரியும் வேகத்தில் மெல்லிய சுருளில் 15,000, 20,000 வோல்ட் எழும்பி, பிளக் வழியாகப் பாய்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் அறுபடும் கணம்தான் பொறி பிறக்கும் கணம். இதை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள்.

அறுக்கும் வேலையைச் செய்வது பாயின்ட். பொறியைப் பிளக்குகளுக்கு முறைவைத்துப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், ஒன்றையொன்று தொட்டு விலகும் இரண்டு சிறிய உலோகப் பொட்டுகள் தெரியும். நடுத்தண்டின் முட்டு ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அவை பிரியும். என் வண்டியில் பிரியும் தூரம் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், இந்தப் பொட்டுகள் நொடிக்கு நூறு முறை பிரிந்து சேர்கின்றன. பிரியும்போது அவற்றுக்கிடையே மின்சாரம் வில்லாக வளைந்து தாவாமல் தடுப்பது பக்கத்தில் விரல் நுனியளவில் இருக்கும் கண்டென்சர். அது கெட்டால் வெட்டு கூர்மையாக விழாது. பொட்டுகள் கருகும், பொறி நோஞ்சானாகும்.

ஆக, மின்சாரத்துக்கு இரண்டு பாதைகள். பேட்டரியிலிருந்து புறப்பட்டு, சாவி, காயில், பாயின்ட் வழியாக எஞ்சின் உடம்புக்குள் இறங்கித் திரும்பப் பேட்டரிக்கே போகும் 12 வோல்ட் பாதை ஒன்று. காயிலின் நடுவிலிருந்து தடித்த ஒயர் வழியே டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர், பிளக் என்று போகும் உயரழுத்தப் பாதை மற்றொன்று. முதல் பாதை கெட்டால் இரண்டாவதில் எதுவும் பிறக்காது. அதனால் பழுது எந்தப் பாதையில் என்று முதலில் பிரித்துவிட வேண்டும்.

பிரிப்பது எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, ரப்பர் உறையிட்ட குறட்டால் பிடித்து, எஞ்சின் இரும்புக்கு 5, 6 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இன்னொருவர் சாவியைத் திருகி எஞ்சினைச் சுழற்றட்டும். நீலமாக, சத்தத்தோடு பொறி தாவினால் 12 வோல்ட் பாதையும் காயிலும் நலம். மூடி, ரோட்டர், பிளக் ஒயர்களைப் பாருங்கள். பொறி மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ, வராவிட்டாலோ பழுது பெரும்பாலும் முன்பாதியில். பெட்ரோல் வாடை அடிக்கும்போது இதைச் செய்யாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கையில் மோதிரமும் உலோகப் பட்டைக் கடிகாரமும் வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

என் வண்டியில் பொறி மஞ்சள்.

வெறும் 12 வோல்ட் எதையும் சொல்லாது

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். தைப்பூசத்தன்று செராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போகும் வழியை எண்ணிப் பாருங்கள். வழியில் எங்கோ ஒரு தடுப்பு வேலி சாய்ந்து, ஓர் ஆள் மட்டும் நுழையும்படி பாதை குறுகிப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மதியம் நீங்கள் தனியாக நடந்துபோய்ப் பார்த்தால் பாதை திறந்தே இருக்கும். தடையில்லாமல் டேங்க் ரோடு சேர்வீர்கள். காவடிகள் புறப்பட்ட பிறகுதான் அந்த இடத்தில் கூட்டம் தேங்கும், அதற்கு அப்பால் தெரு வெறிச்சோடும்.

பாயின்ட் திறந்திருக்கும்போது காயில் வழியே மின்சாரம் ஓடுவதில்லை. அப்போது மீட்டர் வைத்தால், மீட்டர் தனக்காக இழுப்பது மிக மிகச் சிறிய மின்னோட்டம். அது அந்தத் தனி ஆள். ஒயரில் ஐம்பது இழைகளில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும், இணைப்பு துருவேறிக் கிடந்தாலும், மீட்டர் தயங்காமல் 12 காட்டும். பாயின்ட் மூடும்போது காயில் 4 ஆம்பியர் கேட்கும். அதுதான் காவடிக் கூட்டம். குறுகலான இணைப்பு அப்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மின்சாரம் ஓடும்போது ஓர் இணைப்பு தின்றுவிடும் வோல்ட்டுக்கு மின்னழுத்த இழப்பு என்று பெயர். பழைய கார் ஒயரிங்கில் பழுது பார்ப்பது என்பது முக்காலே மூன்று வீசம் இந்த இழப்பைத் தேடிப் பிடிப்பதுதான்.

இந்த 4 ஆம்பியர் எங்கிருந்து வந்தது? என் மினியில் இருப்பது சாதாரண 12 வோல்ட் காயில். அதன் தடித்த சுருளின் மின்தடை ஏறத்தாழ 3 ஓம். 12ஐ 3ஆல் வகுத்தால் 4. மீட்டரை ஓம் அளக்கும் நிலையில் வைத்து, காயிலின் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே அளந்தால் உங்கள் காயிலின் எண் தெரிந்துவிடும்.

அளக்கும் முறை இது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, சாவியை அணைத்து வைத்து, மேல் கியரில் காரை மெல்லத் தள்ளி, பாயின்ட் பொட்டுகள் ஒன்றையொன்று தொடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு சாவியை இக்னிஷன் நிலைக்குத் திருப்புங்கள். மீட்டரின் கறுப்பு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வைத்து, சிவப்பு முனையை முதலில் காயிலின் பிளஸ் முனையிலும் பிறகு மைனஸ் முனையிலும் வைத்துப் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது பிளஸ்ஸில் பேட்டரி வோல்ட்டுக்கு அரை வோல்ட் குறைவுக்குள்ளும், மைனஸில் பூஜ்யத்தை ஒட்டியும் வர வேண்டும். அடுத்து ஓர் அட்டைத் துண்டைப் பொட்டுகளுக்கு நடுவே செருகிப் பிரித்து வையுங்கள். இப்போது இரண்டு முனைகளிலும் பேட்டரி வோல்ட் முழுதாக வர வேண்டும். மூடிய பாயின்ட்டோடு சாவியை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

இந்த நான்கு எண்களும் பழுதின் முகவரியைச் சொல்லிவிடும். பாயின்ட் மூடியும் மைனஸ் முனை 12லேயே நின்றால், பொட்டுகள் தொடுவதுபோல் தெரிகிறதே தவிர மின்சாரம் கடக்கவில்லை: அழுக்குப் படலம், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அறுந்த ஒயர். பாயின்ட் திறந்தும் மைனஸ் பூஜ்யத்திலேயே நின்றால், மின்சாரம் எங்கோ குறுக்கு வழியில் எஞ்சினைத் தொடுகிறது. பாயின்ட்டைப் புதிதாக மாற்றியவுடன் இப்படி ஆனால், அதன் திருகில் இருக்கும் சிறிய காப்பு வளையத்தை வரிசை மாற்றிப் போட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். கண்டென்சர் உள்ளே ஒட்டிக்கொண்டாலும் இதே எண்தான் வரும். பிளஸ் முனை, பாயின்ட் மூடும்போது மட்டும் தொப்பென்று விழுந்தால் சாவிப் பக்கத்துப் பாதையில் குறுகல்.

என் வண்டியில் பாயின்ட் திறந்தபோது பிளஸ்ஸில் 12.3. மூடியபோது 9.2.

மூன்று வோல்ட் எங்கே போனது

12.3லிருந்து 9.2 போனால் 3.1 வோல்ட். வழியில் ஏதோ தின்றுவிட்டது. சிறிதாகத் தெரியலாம், அதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வோல்ட் முக்கால் பங்கானால் மின்னோட்டமும் முக்கால் பங்கு. முக்காலை முக்காலால் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.56. பொறியின் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கும், அப்போது காயிலுக்குக் கிடைப்பது ஏழரைதான். புதுக் காயில் வாங்கிப் போட்டதால் இதில் எதுவும் மாறாது. நான் கொடுத்த பணம் அத்தனையும் இந்த மூன்று வோல்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

தேடுவதற்கு முன் பாதை தெரிய வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களில் ஒயரின் நிறமே வழிகாட்டி. பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர் பெறும். காயிலுக்குப் போவது இதுதான். வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது காயில் மைனஸிலிருந்து பாயின்ட்டுக்கு. பச்சை, ஃபியூஸ் தாண்டி பிரேக் விளக்கு, வைப்பர் போன்றவற்றுக்கு. கறுப்பு, எர்த்; அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு இணைவது. ஐம்பது ஆண்டுகளில் கை மாறிய வண்டிகளில் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். என் வண்டியில் வெள்ளை ஒயரில் இரண்டடி வெட்டப்பட்டு, அங்கே சிவப்பு ஸ்பீக்கர் ஒயர் ஒட்டுப் போட்டிருந்தது.

வெள்ளை ஒயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தக் கார்கள் பலவற்றில் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது. மீட்டர் முனை வழுக்கி வெள்ளையையும் உடம்பு இரும்பையும் சேர்த்துத் தொட்டால், உருகப்போவது அந்த ஒயரும் அதை ஒட்டிய மற்ற ஒயர்களும். முனைகளில் நுனி மட்டும் தெரியும்படி டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா செய்தது இதுதான். மினியில் பேட்டரி இருப்பது பின்பக்கப் பெட்டியில். நீண்ட ஒயர் ஒன்றை மீட்டரின் சிவப்பு முனையோடு கிளிப் போட்டு, மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினார். பாயின்ட் மூடிய நிலை, சாவி திருப்பிய நிலை. கறுப்பு முனையைப் பாதையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வைத்துக்கொண்டே வந்தார். இப்படி வைத்தால் மீட்டர் காட்டுவது, பேட்டரியிலிருந்து அந்த இடம் வரை எவ்வளவு தொலைந்தது என்பதை. ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சொலினாய்டின் பழுப்பு முனையில் 0.1. சாவிச் சுவிட்சுக்குள் நுழையும் இடத்தில் 0.2. சுவிட்சிலிருந்து வெளியே வரும் வெள்ளையில் 0.4. ஃபியூஸ் பெட்டியில் வெள்ளை வந்து சேரும் செருகியில் 0.4. அதே தகட்டில், பக்கத்துச் செருகியிலிருந்து காயிலுக்குப் புறப்படும் வெள்ளையில் 3.0.

அரை அங்குலத்துக்குள் இரண்டரை வோல்ட்டுக்கு மேல். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தச் செருகியின் மேல் ஆட்காட்டி விரலை வைத்துவிட்டு எடுத்தார். பிறகு என் விரலை வைக்கச் சொன்னார். சுட்டது.

சுட்டதற்குக் காரணம் உண்டு. 2.6 வோல்ட் இழப்பு, 3 ஆம்பியர் ஓட்டம். பெருக்கினால் ஏறத்தாழ 8 வாட். காரின் முன்பக்கச் சின்ன விளக்கு பொதுவாக 5 வாட். அந்த விளக்கை விட அதிக வெப்பம், நகத்தளவுத் தகட்டுக்குள். எஞ்சின் ஓடும்போது பாயின்ட் மூடித் திறப்பதால் சராசரி இதைவிடக் குறையும். ஆனாலும் சூடு ஏற ஏறச் செருகியின் பிடி தளரும், தடை கூடும், தடை கூடினால் மேலும் சூடு. இருபது நிமிடத்தில் வண்டி நிற்பதும், கால் மணி நேரம் ஆறியதும் கிளம்புவதும் இதனால்தான். “சூடானால் நிற்கிறது என்றால் காயில்தான்” என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். சூடானது காயில் இல்லை.

செருகியைக் குறட்டால் பிடித்து இழுத்தபோது பச்சைத் தூள் உதிர்ந்தது. களிம்பு. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்லும். வெளியிலிருந்து பூசியதில்லை, செம்போடு கூடவே வருவது என்று. ஒயரிங் வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த உவமை எனக்கு வேறு விதமாகப் புரிகிறது. ரப்பர் உறைக்குள், கண்ணுக்குத் தெரியாமல், செம்பு இருக்கும் இடமெல்லாம் அது காத்திருக்கிறது.

அதிலும் நம் ஊர் களிம்புக்குச் செழித்த மண். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. பழம்பெரும் வாகனத் திட்டத்தின் கீழ்ப் பதிவான கார்களை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மிச்ச நாளெல்லாம் அவை வாகன நிறுத்துமிடத்தில் நிற்கின்றன. தினமும் ஓடும் காரில் எஞ்சின் வெப்பம் ஈரத்தை விரட்டும், பாயின்ட் பொட்டுகள் அடித்து அடித்துத் தம்மைத் தாமே துலக்கிக்கொள்ளும். நிற்கும் காரில் பொட்டுகளின் மேல் மெல்லிய படலம் படியும். மூன்று வாரம் கழித்துச் சாவியைத் திருகினால் பொறி வராததற்கு அந்தப் படலமே போதும். உப்புத்தாளின் மிக மென்மையான ரகத்தை மடித்துப் பொட்டுகளுக்கு நடுவே இரண்டு முறை இழுத்து, பிறகு வெள்ளைத் தாளை ஒரு முறை இழுத்துத் துடையுங்கள். பல நேரம் வேலை அதோடு முடிந்துவிடும்.

களிம்பு என்றவுடன் புளி நினைவுக்கு வரும். என் அம்மாவும் அதைத்தான் சொன்னார்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி, ஒயருக்குக் கூடாது. புளியின் அமிலம் இழைகளுக்கு நடுவே ஊறி உள்ளே தங்கி, ஒரு மாதத்தில் முன்னைவிட மோசமாக அரிக்கும். செருகியை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரின் உறையை உரியுங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் இன்னும் ஓர் அங்குலம் வெட்டுங்கள். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி, புதுச் செருகியை அதற்குரிய அழுத்துக் குறட்டால் அழுத்திப் பொருத்துங்கள். ஃபியூஸ் பெட்டியின் தகட்டையும் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மேலே சிறிது வாசலின் தடவினால் ஈரம் நெருங்காது. ஒட்டுப் போட நேர்ந்தால் பழைய ஒயரின் தடிமனுக்குக் குறையாத ஒயரைப் போடுங்கள். செருகி, ஒயர், மீட்டர் எல்லாமே ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் கிடைக்கும். முன்பெல்லாம் பெரியப்பா இத்தகைய சில்லறைச் சாமான்களுக்குச் சுங்கே ரோடு பழைய பொருள் சந்தைக்குத்தான் போவார். அது 2017 ஜூலையில் மூடப்பட்டது.

இத்தனை அளவெடுக்கப் பொறுமை இல்லையென்றால், அல்லது சாலையோரம் மாட்டிக்கொண்டால், ஒரு குறுக்கு வழி உண்டு. 10 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்திய ஒயர் ஒன்றைப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்கு நேராக மாட்டுங்கள். வண்டி நன்றாக ஓடினால் பழுது சாவிக்கும் காயிலுக்கும் நடுவே என்பது உறுதி. ஆனால் அந்த ஒயர் இருக்கும்வரை சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். கழற்ற மறந்தால் காயிலும் பேட்டரியும் போய்விடும்.

திரும்பி வரும் வழி

மின்சாரம் போனால் போதாது, திரும்பவும் வேண்டும். எர்த் பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. காயிலின் தடித்த ஒயரைக் கழற்றி எஞ்சின் இரும்போடு சேர்த்து மாட்டிவிடுங்கள், வண்டி கிளம்பாது. மீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மற்றொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினையும் உடம்பையும் இணைக்கும் பின்னல் பட்டை சரியில்லை. ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கு அந்தப் பட்டைதான் முக்கியத் திரும்பு வழி. அது அறுந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய மின்னோட்டம் வேறு இரும்பைத் தேடும்; சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகத் திரும்பும். சாவியைத் திருகியபின் சோக் குமிழ் சுட்டால் உடனே பட்டையைப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளும் ஒரு குட்டி எர்த் ஒயர் உண்டு. பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு, எஞ்சினின் உறிஞ்சு அழுத்தத்துக்கேற்ப முன்னும் பின்னும் அசையும். அந்தத் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு இணைக்கும் மெல்லிய பின்னல் ஒயர் அசைந்து அசைந்து உறைக்குள்ளேயே அறுந்துபோகும். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். வண்டி நிற்கும்போது சீராக ஓடும் எஞ்சின், ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் திணறினால், குச்சியால் அந்த ஒயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

உயரழுத்தப் பாதையில் சொல்ல அதிகம் இல்லை. மூடியைத் திறந்து உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்பு வரி தெரிந்தால், பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே கசிகிறது. மூடியை மாற்ற வேண்டியதுதான். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தால் கசியும் ஒயர்களைச் சுற்றி நீல ஒளி தெரியும்.

மினிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. குறுக்காகப் பொருத்திய அந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. நவம்பர், டிசம்பர் மழையில் முன்னால் போகும் பஸ் வாரி இறைக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் விழும். கனமான ரப்பர் கையுறை ஒன்றை அதன் மேல் கவிழ்த்து, விரல் நுனிகளைக் கத்தரித்து, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஓர் ஒயரை வெளியே எடுப்பது பழைய உபாயம். நான்கு பிளக்குக்கு நான்கு, காயிலுக்கு ஒன்று. ஐந்து விரலும் சரியாகப் போகும்.

அளவெடுக்கப் போகுமுன் உங்கள் காரில் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். முதலாவது, பேட்டரியின் எந்த முனை உடம்போடு இணைந்திருக்கிறது என்பது. 1969க்கு முந்தைய மினிகளிலும் அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் கார்களிலும் பிளஸ்தான் எர்த். அவற்றில் மேலே சொன்ன மீட்டர் முனைகளையும் காயில் முனைகளையும் தலைகீழாக எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பலாஸ்ட் என்னும் தடை உண்டா என்பது. 1970களின் கார்கள் பலவற்றில் ஏறத்தாழ ஒன்றரை ஓம் காயிலும், அதற்கு முன்னால் வேண்டுமென்றே வைத்த ஒரு தடையும் இருக்கும். சில வண்டிகளில் அந்தத் தடை ஒயர் வடிவிலேயே ஒயரிங் கட்டுக்குள் மறைந்திருக்கும். அத்தகைய காரில் பாயின்ட் மூடியபோது காயில் பிளஸ்ஸில் 6, 7 வோல்ட் வருவதே முறை. அதைப் பழுது என்று எண்ணித் தேடினால் நாள் வீணாகும். அந்தக் காயிலுக்குப் பேட்டரியிலிருந்து நேர் ஒயர் கொடுத்தால் சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டவும் கூடாது.

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் பெட்டி பொருத்தினால் எல்லாம் தீரும் என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல பொருள்தான், நானும் ஒருநாள் பொருத்தலாம். ஆனால் களிம்பேறிய செருகிக்கு அது மருந்தாகாது. பாயின்ட்டாவது குறைந்த வோல்ட்டில் தட்டுத்தடுமாறி வேலை செய்யும். அந்தப் பெட்டிகளில் சில, வோல்ட் குறைந்தால் முழுவதுமாகக் கைவிரித்துவிடும்.

செருகியை மாற்றியபின் அளந்தோம். காயில் பிளஸ்ஸில் 11.8. பெரியப்பாவுக்கு அது போதவில்லை. சாவிச் சுவிட்சுக்குள் தொலையும் 0.2 அவர் கண்ணை உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைக் கழற்றலாம் என்றார். நான்கு அளவுகளையும், பாயின்ட் திறந்த நிலை, மூடிய நிலை என்று பிரித்து, தேதியோடு எழுதி, பானெட்டின் உட்புறத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டியிருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை வண்டியை வெளியே எடுக்கும்போது மூடிய நிலை அளவை மட்டும் எடுத்து அதன் கீழே எழுதுகிறேன். கடைசி வரியில் 11.9 இருக்கிறது.